சக்கரம் உருளாத ஊர்

வெனிஸின் சான்டா லூச்சியா ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தால் எதிரே சாலை இல்லை. அகலமான கற்படிகள் கீழிறங்குகின்றன. அவை முடியும் இடத்தில் பெருங்கால்வாய் தொடங்கிவிடுகிறது. ஆட்டோ இல்லை, டாக்சி இல்லை, சைக்கிள்கூட இல்லை. முனிச்சிலிருந்து பகல் முழுவதும் ஆல்ப்ஸ் மலைகளின் ஊடே ரயிலில் வந்து, நவம்பர் மாதத்து இருட்டு ஐந்து மணிக்கே கவிந்துவிட்ட வேளையில், நாங்கள் நால்வரும் ஆளுக்குப் பன்னிரண்டு கிலோ முதுகுப்பையோடு அந்தப் படிகளில் பேச்சற்று நின்றோம். படத்தில் ஆயிரம் முறை பார்த்த காட்சிதான். ஆனால் எதிர்க்கரையில் உள்ள பச்சைக் குவிமாடத் தேவாலயத்தின் விளக்கொளி தண்ணீரில் கலைந்து கலைந்து சேர்வதைக் கண்ணெதிரே காணும்போது, படம் எதையுமே சொல்லியிருக்கவில்லை என்று தெரிகிறது.

கோயம்புத்தூரில் ஒரே கல்லூரியில் படித்தவர்கள் நாங்கள். இப்போது நால்வரும் நான்கு ஊர்களில் வேலை செய்கிறோம். ஒருவன் நாகப்பட்டினத்துக்காரன், இன்னொருவன் பழைய திருநெல்வேலி மாவட்டத்தில் தாமிரபரணி கடலில் கலக்கும் பக்கத்தைச் சேர்ந்தவன், எங்களோடு வந்த தோழி சென்னையில் கட்டுமானப் பொறியாளர், நான் தஞ்சாவூர். கல்லூரியின் கடைசி ஆண்டில் விடுதி மொட்டை மாடியில் போட்ட திட்டம் இது. பதினோரு ஆண்டுகள் கழித்துக் கைகூடியது.

கால்வாயில் ஓடும் பொதுப் படகுக்கு வபொரெத்தோ என்று பெயர். எழுபத்தைந்து நிமிடப் பயணச்சீட்டு ஒன்பதரை யூரோ. நால்வருக்குக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, ஊரின் மறுகோடியில் கஸ்தெல்லோ பகுதியில் இருந்த எங்கள் விடுதிக்கு நடந்தே போவது என்று முடிவெடுத்தோம். வரைபடத்தில் மூன்று கிலோமீட்டர்கூட இல்லை. அது எங்களுக்கு இரண்டரை மணி நேரம் பிடித்தது. இந்தப் பயணத்தில் நாங்கள் எடுத்த முடிவுகளிலேயே சிறந்தது அதுதான் என்று இன்றும் நினைக்கிறேன். முதுகில் சுமையோடு நடந்ததால்தான் அந்த ஊர் எதனால் ஆனது என்பதன் முதல் பாடம் முதல் மாலையிலேயே எங்களுக்குக் கிடைத்தது.

வெனிஸில் சிறிய கால்வாய்க்கு ரியோ என்றும், சந்துக்குக் கால்லே என்றும், கால்வாயை ஒட்டிய நடைபாதைக்கு ஃபோண்டமென்டா என்றும், வீடுகளுக்கு அடியில் புகுந்து செல்லும் வழிக்குச் சோட்டோபோர்டெகோ என்றும் பெயர். வீடுகள் சூழ்ந்த திறந்தவெளி காம்போ. வயல் என்று பொருள். பியாட்சா என்ற சொல்லைச் சான் மார்க்கோ சதுக்கம் ஒன்றுக்கு மட்டுமே கொடுத்திருக்கிறார்கள். கால்வாயைத் தூர்த்து உண்டாக்கிய தெருவுக்கு ரியோ தெரா என்று தனிப்பெயர் உண்டு. ஆக, ஒரு தெருவின் பெயரைக் கேட்டாலே அது ஒரு காலத்தில் தண்ணீராய் இருந்ததா இல்லையா என்று சொல்லிவிடலாம். சுவரில் வெள்ளையடித்துக் கறுப்புக் கோடு கட்டி எழுதிய இந்தப் பெயர்ப்பலகைகளைக் குட்டிப் படுக்கை விரிப்புகள் என்று பொருள்படும் சொல்லால் உள்ளூர் மக்கள் அழைக்கிறார்கள். வீட்டு எண்களோ தெருவாரியாக இல்லை. ஊர் ஆறு பகுதிகளாகப் பிரிந்திருக்கிறது. ஒவ்வொரு பகுதிக்கும் ஒன்றிலிருந்து தொடங்கி ஆயிரக்கணக்கில் எண்கள் ஓடுகின்றன. ஒரு மூலையில் திரும்பினால் எண் சட்டென்று எழுநூறு தாவிவிடும். கைப்பேசி வரைபடமோ உயர்ந்த சுவர்களுக்கு இடையில் வழிதவறி, எங்களை மூன்று முறை படித்துறையில் கொண்டுபோய் நிறுத்தியது.

வழி தவறியதைவிடப் பாலங்கள்தான் எங்களை வாட்டின. இந்த ஊரில் நானூறுக்கும் மேற்பட்ட பாலங்கள் இருக்கின்றன. சிலவற்றைத் தவிர எல்லாமே படிகள் கொண்டவை. படகுகள் கீழே புகுந்து போகவேண்டும் என்பதால் பாலம் வளைந்து எழும். பத்துப் பதினைந்து படி ஏறி, அதே அளவு இறங்கி, ஐம்பது அடி நடப்பதற்குள் அடுத்த பாலம் வந்துவிடும். திருநெல்வேலி நண்பன் எண்ணிக்கொண்டே வந்தான், இருபத்தொன்றில் விட்டுவிட்டான். எங்களுக்கு முன்னே பெரிய சக்கரப் பெட்டிகளோடு சென்ற ஒரு குடும்பம் ஒவ்வொரு பாலத்தடியிலும் நின்று பெட்டியைத் தூக்கி, மேலே வைத்து, மூச்சு வாங்கி, மீண்டும் தூக்கி இறக்கியது.

அப்படி ஒரு பாலத்தடியில்தான் அந்த மூதாட்டியைப் பார்த்தோம். கம்பளிக் கோட்டும் தலையில் குல்லாயும் அணிந்து, இரண்டு சக்கரம் வைத்த துணிப்பை ஒன்றைப் படிப்படியாக இழுத்து ஏற்றிக்கொண்டிருந்தார். நான்கு படிக்கு ஒரு முறை நின்றார். என்ன மொழியில் பேசுவது என்று நாங்கள் யோசிப்பதற்குள், "பாட்டி, இங்க குடுங்க" என்று தமிழிலேயே சொல்லிக்கொண்டு திருநெல்வேலி நண்பன் பையின் அடிப்பக்கத்தைப் பிடித்துவிட்டான். அவர் அவனை ஒரு கணம் ஏற இறங்கப் பார்த்தார். பிறகு கைப்பிடியை விட்டார். உள்ளே தண்ணீர் புட்டிகள், உருளைக்கிழங்கு, ஒரு முட்டைக்கோசு. அதிகம்போனால் எட்டுக் கிலோ. ஆனால் அந்த எட்டுக் கிலோவை அவர் கடையிலிருந்து ஐந்து பாலம் தாண்டி, பிறகு மின்தூக்கி இல்லாத வீட்டின் மூன்றாம் மாடிக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. வாரத்துக்கு மூன்று நாள் இப்படித்தான் என்றார். பள்ளியில் ஆங்கிலம் கற்பித்து ஓய்வு பெற்றவர் என்பதால் பேச்சு தடையின்றி ஓடியது.

மூன்றாம் மாடி வரை நாங்கள் தூக்கிக்கொண்டு போனோம். அவர் எங்களை உள்ளே அழைத்து, சின்னக் கோப்பைகளில் காப்பி கொடுத்தார். அந்த அடுக்களை மேசையைச் சுற்றி எங்கள் நான்கு முதுகுப்பைகளும் போக மீதி இடத்தில் நாங்கள் நெருங்கி உட்கார்ந்திருந்தோம். தம் பேத்தி, ஊரைச் சூழ்ந்த உப்பங்கழிக்கு அப்பால் வெளிநிலத்தில் உள்ள மெஸ்ட்ரேயில் இருக்கிறாள் என்றார். குழந்தை பிறந்ததும் தள்ளுவண்டியோடு பாலங்களில் ஏறி இறங்க முடியவில்லை; வாடகையும் கட்டுப்படியாகவில்லை; போய்விட்டாள். குறை சொல்லும் குரலில் அவர் சொல்லவில்லை. வெளியே மழை பெய்கிறது என்பதைப்போலச் சொன்னார். பிறகு எங்கள் விடுதிக்குப் போகும் வழியை ஒரு காகிதத்தில் பாலம் பாலமாக வரைந்து கொடுத்தார். அந்த வரைபடம் ஓரிடத்திலும் தவறவில்லை.

மறுநாள் விடியலில் ஊர் விழிப்பதைப் பார்ப்பதற்காகவே எழுந்து போனேன். பயணிகள் எழுவதற்கு முன்பு வெனிஸ் ஒரு மாபெரும் சுமைதூக்கும் கூடம். தட்டையான சரக்குப் படகுகள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன: ஒன்றில் பால் பெட்டிகள், ஒன்றில் சலவைக்குப் போகும் விடுதி விரிப்பு மூட்டைகள், ஒன்றில் சிமென்ட் மூட்டையும் மணலும். ஒரு படகில் புத்தம் புதிய துணி துவைக்கும் இயந்திரம் அட்டைப் பெட்டியோடு நின்றது. இரண்டு பேர் அதைக் கரைக்கு இறக்கி, கைவண்டியில் ஏற்றி, பாலத்தின் ஒவ்வொரு படியிலும் ஒருவர் இழுக்க ஒருவர் கீழிருந்து தாங்க, நிதானமாக ஏற்றினார்கள். அந்தக் கைவண்டியின் முன்புறத்தில் படியில் ஊன்றி ஏறுவதற்கென்றே இரண்டு சிறிய சக்கரங்கள் கூடுதலாக உண்டு. "அத்தென்சியோனே" என்று குரல் கொடுத்துக்கொண்டே வண்டிக்காரர்கள் சந்துகளில் வளைந்து வருவார்கள். கவனம் என்று பொருள். குப்பை அள்ளுவோர் வீடு வீடாக மணியடித்துப் பையை வாங்கி, வண்டியில் சேர்த்து, கரையில் நிற்கும் குப்பைப் படகில் கொட்டுகிறார்கள். மஞ்சள் நிற ஆம்புலன்ஸ் படகு கால்வாயைக் கிழித்துக்கொண்டு போய், அரண்மனை முகப்பைப்போல் இருந்த ஒரு கட்டடத்தின் பக்கவாட்டில் நுழைந்தது. அதுதான் நகர மருத்துவமனை என்று பிறகு தெரிந்தது. பிறப்பும் நோயும் சாவும் இங்கே படகில்தான். சான் மிக்கேல் என்ற தனித்தீவில் உள்ள கல்லறைக்குச் சவப்பெட்டியும் படகில்தான் போகிறது.

ஏறத்தாழ ஒவ்வொரு காம்போவின் நடுவிலும் செதுக்கு வேலைப்பாடு கொண்ட வட்டமான கல் மேடை ஒன்று இரும்பு மூடியோடு நிற்கும். பயணிகள் அதில் சாய்ந்து படம் எடுத்துக்கொள்வார்கள். முதல் நாள் நானும் அலங்காரக் கல் என்றே எண்ணினேன். தோழிதான் குனிந்து தரையைப் பார்த்தாள். "அந்தக் கல்லைப் பார்க்காதீங்கடா, தளத்தோட சரிவைப் பாருங்க" என்றாள். அவள் சொன்ன பிறகுதான் தெரிந்தது: காம்போவின் கற்பாவு தளம் மிக மெல்லிய சரிவோடு துளையிட்ட நான்கு கற்களை நோக்கித் தாழ்கிறது. அந்தத் துளைகளின் வழியே மழைநீர் உள்ளே போகும். நிலத்தடியில் ஐந்தாறு மீட்டர் ஆழத்துக்குக் குழி வெட்டி, உப்புநீர் புகாதபடி சுற்றிலும் களிமண் பூசி, உள்ளே மணல் நிரப்பி, நடுவில் செங்கல் உறை இறக்கியிருக்கிறார்கள். மழைநீர் மணலில் வடிகட்டப்பட்டு உறையின் அடியில் ஊறும். மேலே நிற்கும் கல் மேடை அந்தக் கிணற்றின் கைப்பிடிச் சுவர். காம்போ முழுவதுமே ஒரு மழைநீர்த் தொட்டி.

திரும்பிய பக்கமெல்லாம் தண்ணீர் தெரியும் ஊரில் குடிக்கத் தண்ணீர் இல்லை என்பதுதான் வெனிஸின் ஆயிரம் ஆண்டுக் கவலை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட கிணறுகள் இங்கே இருந்தன. பொதுக் கிணறுகளின் மூடியை நாளில் குறித்த நேரத்தில் மட்டுமே திறப்பார்கள். மழை பொய்த்தால் பிரெண்டா ஆற்றிலிருந்து படகுகளில் நல்ல தண்ணீர் கொண்டுவந்து கிணறுகளில் ஊற்றியிருக்கிறார்கள். மலைப்பகுதியான ஃப்ரியூலியிலிருந்து வந்த பெண்கள் தோளில் வளைந்த மரக்காவடி வைத்து, இரு முனையிலும் செம்பு வாளி தொங்கவிட்டு, வீடு வீடாகத் தண்ணீர் விற்றார்கள். 1884-இல் வெளிநிலத்திலிருந்து குழாய் நீர் வந்த பிறகே அந்தக் காவடிகள் இறங்கின. இன்று அதே காம்போக்களில் உள்ள குழாயடிகளில் குளிர்ந்த நல்ல தண்ணீர் இடைவிடாது வருகிறது. நாங்கள் ஐந்து நாளும் ஒரு புட்டித் தண்ணீர்கூட வாங்கவில்லை. 2003-இல் தமிழ்நாட்டில் வீட்டுக்கு வீடு மழைநீர் சேகரிப்பு அமைப்பு கட்டியே ஆகவேண்டும் என்று ஆணை வந்தபோது எங்கள் தெருவே ஓடியாடி வேலை பார்த்ததும், பிறகு அவற்றில் பல தூர்ந்து போனதும் எனக்கு நினைவுக்கு வந்தன. தோழி அந்தச் சரிவைத் தன் கைப்பேசியை வைத்து அளந்து குறித்துக்கொண்டாள்.

அடித்தளத்தைப் பற்றியும் அவளிடம்தான் கேட்டோம். உப்பங்கழியின் சேற்றுக்கு அடியில் கெட்டியான களிமண் படுகை ஒன்று இருக்கிறது. ஓக், லார்ச், ஆல்டர் போன்ற மரங்களின் கழிகளை அந்தக் களிமண் வரை நெருக்கி நெருக்கி அறைந்து, அதன்மேல் பலகை விரித்து, அதன்மேல் நீர் உறிஞ்சாத இஸ்திரியக் கல்லை அடுக்கி, அதன்மேல்தான் செங்கல் சுவரை எழுப்பியிருக்கிறார்கள். மரம் மக்குவதற்குக் காற்று வேண்டும். சேற்றில் முற்றாக மூழ்கிய மரத்துக்குக் காற்று படுவதில்லை. ரியால்டோ பாலத்தை 1588 முதல் 1591 வரை கட்டியபோது இரு கரையிலுமாகச் சேர்த்து ஏறத்தாழ பன்னிரண்டாயிரம் கழிகளை அறைந்தார்கள் என்கிறார்கள். அந்தப் பாலத்தில் நின்று படம் எடுப்பவர்களின் கூட்டத்தில் நெரிந்தபோது, எங்கள் காலுக்கடியில் ஒரு கவிழ்ந்த காடு நிற்கிறது என்ற எண்ணமே எனக்கு ஓடிக்கொண்டிருந்தது.

மூன்றாம் நாள் டோர்ச்செல்லோ தீவுக்குப் படகில் போனோம். வழியில் முரானோவையும் புரானோவையும் விட்டுவிட்டதற்குத் தோழிக்கு வருத்தம்தான். டோர்ச்செல்லோவின் பேராலயம் 639-இல் தொடங்கப்பட்டது. மேற்குச் சுவர் முழுவதும் பரவிய இறுதித் தீர்ப்பு மொசைக்கின் பொன் துணுக்குகள் மங்கிய பகல் வெளிச்சத்திலும் மினுங்கின. வெளியே வந்தால் புல்வெளி, ஒரு கால்வாய், சில வீடுகள், அவ்வளவுதான். ஒரு காலத்தில் ஆயிரக்கணக்கானோர் வாழ்ந்து வணிகம் செய்த இந்தத் தீவில் இன்று இருப்பவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆறுகள் கொண்டுவந்த வண்டல் சுற்றிலுமிருந்த நீர்வழிகளைத் தூர்த்தது, சதுப்பில் கொசு பெருகி மலேரியா வந்தது, மக்கள் போனார்கள்.

இதைக் கேட்டதும் திருநெல்வேலி நண்பன் வெகுநேரம் பேசாமல் இருந்தான். அவன் ஊர் பழையகாயலுக்குப் பக்கம். வெனிஸ்காரரான மார்க்கோ போலோ பாண்டிய நாட்டைப் பற்றிச் சொல்லும்போது காயல் துறைமுகத்தைப் பெரிய நகரம் என்கிறார்; அரபு நாட்டுக் குதிரைகள் அங்கே வந்திறங்கியதைச் சொல்கிறார். முத்துக்குளிப்பையும் விரிவாக விவரிக்கிறார்: எடுத்த முத்தில் பத்தில் ஒரு பங்கு அரசனுக்கும், சுறாக்களை மந்திரத்தால் கட்டுவோருக்கு இருபதில் ஒரு பங்கும் போகும் என்பது அவர் தரும் செய்தி. அந்தக் காயல் இன்று கடலை விட்டு விலகி, உள்ளே தள்ளி நிற்கும் ஒரு சிற்றூர். தாமிரபரணி கொண்டுவந்து கொட்டிய வண்டல் முதலில் கொற்கையைக் கடலிலிருந்து பிரித்தது. பிறகு காயலையும் பிரித்தது. "எங்க ஊர் ஆறு ரெண்டு துறைமுகத்தை மூடிருச்சு" என்றான் அவன், படகில் திரும்பும்போது.

வெனிஸ் தனக்கும் இதே கதி நேரும் என்று அறிந்திருந்தது. நீர்நிலைகளைக் காக்க 1501-இல் ஒரு தனி ஆட்சித்துறையையே ஏற்படுத்தினார்கள். பிரெண்டா, பியாவே, சிலே ஆகிய ஆறுகளைப் பல தலைமுறைகளாக வெட்டி வெட்டித் திருப்பி, உப்பங்கழிக்கு வெளியே கடலில் கொண்டுபோய்விட்டார்கள். அரண்மனைகளையும் ஓவியங்களையும்விட இந்த ஆற்றுவேலைதான் வெனிஸ் குடியரசின் ஆகப்பெரிய சாதனை என்பது என் எண்ணம். அது கண்ணுக்குத் தெரியாததால் யாரும் அதைப் படம் எடுப்பதில்லை. கால்வாய்களையும் அவ்வப்போது அடைத்து, நீரை இறைத்து, சேற்றை வாரி எடுத்தாக வேண்டும். 1996 ஜனவரியில் ஃபெனிச்சே இசையரங்கு தீப்பற்றி எரிந்தபோது, பக்கத்துக் கால்வாய் அப்படித் தூர்வாருவதற்காக வற்றவைக்கப்பட்டிருந்ததால் தீயணைப்புப் படகுகளால் நெருங்க முடியவில்லை. அரங்கு சாம்பலானது, 2003-இல் பழையபடியே திரும்பக் கட்டினார்கள்.

வீட்டுச் சுவர்களில் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே பச்சைப் பாசிக் கோடு ஒன்று ஊர் முழுவதும் ஒரே உயரத்தில் ஓடுகிறது. வழக்கமான ஏற்றத்தின் எல்லை அது. கடைகளின் வாசலிலும் வீடுகளின் வாசலிலும் இரு பக்கமும் உலோகக் காடி பதித்திருப்பார்கள். நீர் ஏறும் என்று சங்கொலி எழுந்தால் ஒரு தகட்டை அதில் இறக்கி வாசலை அடைத்துவிடுவார்கள். நாங்கள் தங்கியிருந்த வாரத்தில் ஒரு காலை, சான் மார்க்கோ சதுக்கத்தின் தாழ்ந்த பகுதியில் தண்ணீர் கரையைத் தாண்டி வரவில்லை; பாவுகற்களின் இடுக்குகளிலிருந்தே கொப்பளித்துக்கொண்டு மெல்ல மேலே வந்தது. அரை மணி நேரத்தில் அங்கே பேராலயத்தின் தலைகீழ் நிழல் விரிந்துவிட்டது. பார்க்க அழகாக இருந்தது. அப்படி நினைத்ததற்குப் பிறகு மனம் சங்கடப்பட்டது.

ஏனென்றால் அதற்கு முந்தைய மாலை மீண்டும் பாட்டியின் வீட்டில் இருந்தோம். அவர்தான் வரச் சொல்லியிருந்தார். 1966 நவம்பர் 4 பற்றி அப்போது சொன்னார். அவருக்கு அப்போது பன்னிரண்டு வயது. தென்கிழக்குக் காற்று ஓயவில்லை. ஏறிய நீர் வழக்கம்போல இறங்க வேண்டிய நேரத்தில் இறங்காமல், அதன்மேலேயே அடுத்த ஏற்றமும் வந்தது. ஊரின் கடல்மட்ட அளவுகோலில் 194 சென்டிமீட்டர். மின்சாரம் போயிற்று, தொலைபேசி போயிற்று. தரைத்தளங்களில் இருந்த எண்ணெய்த் தொட்டிகள் உடைந்து, வீட்டைச் சூடாக்க எரிக்கும் எண்ணெய் தண்ணீரில் கலந்தது. நீர் வடிந்த பிறகும் எல்லாச் சுவரிலும் கறுப்புக் கோடு நின்றது என்றார். கையை மார்பளவு உயர்த்திக் காட்டினார். கீழ்வீட்டில் ஒரு தையற்காரர் குடும்பம். இரவோடு இரவாக மெத்தைகளை மாடிப்படியில் ஏற்றினார்கள். தையல் இயந்திரத்தை ஏற்ற முடியவில்லை. அடுத்த ஆண்டு அவர்கள் மெஸ்ட்ரேவுக்குப் போனார்கள். அதன்பிறகு அந்தத் தரைத்தளத்தில் யாரும் குடியேறவில்லை.

2019 நவம்பர் 12-ஆம் தேதி நீர் மறுபடி 187 சென்டிமீட்டர் ஏறியது. அப்போது கட்டிமுடியாமல் இருந்த மோசே தடுப்பணை, 2020 அக்டோபர் 3 முதல் இயங்குகிறது. உப்பங்கழிக்குக் கடல் நீர் வந்துபோகும் மூன்று வாய்களிலும் கடலடியில் 78 எஃகுக் கதவுகள் நீர் நிறைந்து படுத்திருக்கின்றன; அவற்றினுள் காற்றைச் செலுத்தி நீரை வெளியேற்றினால் அவை கீலில் எழுந்து நின்று கடலை மறிக்கும். அதன் பிறகு, கதவுகளை எழுப்பாமல் விட்ட 2020 டிசம்பர் 8 தவிர, ஊருக்குள் பெருவெள்ளம் வரவில்லை. ஆனால் கடல்மட்டம் உயர உயர அடிக்கடி மூட வேண்டிவரும். மூடும்போதெல்லாம் கப்பல்கள் நிற்கும், உப்பங்கழியின் நீர் மாறாமல் தேங்கும். தோழிக்கு அந்தக் கதவுகளின்மேல் பெரும் மதிப்பு. பாட்டிக்கும்தான். "இப்போது நவம்பரில் தூங்குகிறேன்" என்று மட்டும் சொன்னார்.

நடுவில் ஒரு மழைநாளைக் கோரர் அருங்காட்சியகத்தில் கழித்தோம். நாணயங்கள் இருந்த பேழைக்கு முன்னால் திருநெல்வேலி நண்பன் எங்களைக் கூப்பிட்டான். வெனிஸின் பொற்காசு, முதன்முதலில் 1284-இல் அச்சிட்டது, மூன்றரை கிராம் எடை, 1797-இல் குடியரசு வீழும்வரை உருவமும் மாறவில்லை, மாற்றும் குறையவில்லை. ஒரு பக்கத்தில் புனித மாற்கு, முழந்தாளிட்ட ஆட்சித்தலைவருக்குக் கொடிக்கம்பம் கொடுக்கிறார். "இது சாணார் காசு" என்றான். மிளகுக்கும் துணிக்கும் விலையாக இந்தக் காசு நம் கரைக்கு வந்து குவிந்தபோது, கம்பத்தைப் பிடித்து மண்டியிட்ட அந்த உருவத்தை நம் மக்கள் பனை ஏறுபவராகப் பார்த்து, அந்தப் பெயரையே வைத்துவிட்டார்கள். அவன் ஆச்சி அந்தப் பெயரைச் சொல்லி அவன் கேட்டிருக்கிறான். காசைப் பார்த்தது இப்போதுதான். கண்ணாடியில் நெற்றி படும்படி குனிந்து, கம்பத்தையும் மண்டியிட்ட காலையும் அவன் பார்த்துக்கொண்டே நின்றான். சொன்ன பிறகு எனக்கும் பனைமரம்தான் தெரிந்தது.

நாங்கள் நவம்பரில் போனதற்குக் காரணம் நாகப்பட்டினத்து நண்பன். 1630-இல் வந்த கொள்ளைநோயில் வெனிஸ் மக்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் மாண்டார்கள். நோய் நீங்கினால் மாதாவுக்கு ஆலயம் எழுப்புவதாக அரசு நேர்ந்துகொண்டது. பெருங்கால்வாயின் வாயில் வெண்ணிறக் குவிமாடத்தோடு நிற்கும் சான்டா மரியா தெல்லா சலூத்தே அந்த நேர்த்திக்கடன். அதைத் தாங்க மட்டும் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட மரக்கழிகளைச் சேற்றில் அறைந்ததாகக் கணக்குச் சொல்கிறார்கள். சலூத்தே என்றால் ஆரோக்கியம். அதாவது ஆரோக்கிய மாதா கோவில். வேளாங்கண்ணித் திருவிழாவுக்கு வருடா வருடம் வீட்டிலிருந்து நடந்தே போய் வளர்ந்தவன் அவன். இந்தப் பெயரின் பொருள் தெரிந்த நாளிலிருந்து அதன் திருவிழா நாளான நவம்பர் 21-ஆம் தேதியைக் குறித்துவைத்திருந்தான்.

அந்த விழாவுக்காகப் பெருங்கால்வாயின் குறுக்கே தற்காலிகப் பாலம் ஒன்று போடுகிறார்கள். அன்று மக்கள் காலையிலிருந்தே அதைக் கடந்து நடந்து போகிறார்கள். அந்த வாரத்தில் முதன்முறையாகச் சுற்றிலும் உள்ளூர்ப் பேச்சு மட்டுமே காதில் விழுந்தது. தாத்தாக்கள் பேரக்குழந்தைகளைத் தோளில் ஏற்றி வந்தார்கள். மெஸ்ட்ரேயிலிருந்தும் அதற்கு அப்பாலிருந்தும் குடும்பம் குடும்பமாக வந்திருந்தார்கள். ஆலயத்துக்கு முன்னே மெழுகுவர்த்திக் கடைகள், பலூன், பொரித்த இனிப்பு மாவின் வாசனை. திருவிழா என்றால் எல்லா ஊரிலும் திருவிழாதான். மெழுகுவர்த்தியை நாமே ஏற்றி வைக்க முடியாது. கூட்டத்தின்மேல் கைமாற்றிக் கொடுத்தால் முன்னால் நிற்பவர்கள் ஏற்றி நடுகிறார்கள். நண்பன் ஐந்து வாங்கினான். ஒவ்வொன்றாகக் கொடுக்கும்போது உதடு அசைந்தது. அவன் அம்மாவுக்கு அந்த ஆண்டு பெரிய அறுவை சிகிச்சை நடந்திருந்தது எங்களுக்குத் தெரியும். நாங்கள் எதுவும் கேட்கவில்லை.

பேத்தியோடும் கொள்ளுப்பேரனோடும் பாட்டியையும் அங்கே பார்த்தோம். மறுபடி வீட்டுக்கு இழுத்துச் சென்று, உப்பிட்டு உலர்த்திய ஆட்டிறைச்சியையும் முட்டைக்கோசையும் நெடுநேரம் வேகவைத்த சாறு கொடுத்தார். கஸ்திராதீனா என்று பெயர். கொள்ளைநோய்க் காலத்தில் மற்றவர்கள் வரத் தயங்கியபோது கடலுக்கு அக்கரையில் உள்ள டால்மேஷியாவினர் இந்த இறைச்சியை அனுப்பி ஊரைக் காத்தார்கள், அந்த நன்றிக்காக இந்த ஒரு நாளில் சமைக்கிறோம் என்றார். நல்ல உப்பு, நல்ல கொழுப்பு. வெளியே இருந்த குளிருக்கு உடம்பெங்கும் சூடு பரவியது.

ரியால்டோவுக்கு அருகே ஒரு மருந்துக் கடையின் கண்ணாடியில் இந்தத் தீவு நகரில் எத்தனை பேர் வாழ்கிறார்கள் என்ற எண் மின்பலகையில் ஒளிரும். 1951-இல் ஏறத்தாழ 1,75,000 பேர் இருந்தார்கள். 2022 ஆகஸ்டில் அந்த எண் 50,000-க்குக் கீழே இறங்கியது. 2023-இல் பயணிகளுக்கான படுக்கைகள் குடியிருப்போரைவிட அதிகமாகிவிட்டன. அந்தப் படுக்கைகளில் நான்கில் நாங்கள் ஐந்து இரவு தூங்கினோம். பகலில் மட்டும் வந்து போவோரிடம் 2024 ஏப்ரல் 25 முதல், கூட்டமான நாட்களில், ஐந்து யூரோ நுழைவுக் கட்டணம் வாங்கத் தொடங்கினார்கள். அதனால் கூட்டம் குறையும் என்று எனக்குத் தோன்றவில்லை. பாலத்தைப் பழுது பார்ப்பவருக்கும், கைவண்டி தள்ளுபவருக்கும், ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியருக்கும் கட்டுப்படியாகும் வாடகைக்கு இங்கே வீடு கிடைக்க வேண்டும். சேறு வாருவதைப்போல அதையும் ஓர் அரசு இடைவிடாமல் செய்தாக வேண்டும். ஆறுகளைத் திருப்பிய ஊருக்கு இது முடியாத காரியம் அல்ல.

கிளம்பிய நாளன்று அதிகாலையிலேயே மூட்டையைக் கட்டிக்கொண்டு, சலூத்தேயைக் கடைசியாக ஒரு முறை பார்த்துவிட்டுப் போகலாம் என்று எதிர்க்கரைக்கு வந்தோம். தற்காலிகப் பாலத்தைப் பிரித்து எடுத்துவிட்டிருந்தார்கள். இரண்டு நாட்களுக்கு முன்பு பல்லாயிரம் பேரோடு நாங்கள் நடந்து கடந்த இடத்தில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அந்த வழியே ஒரு சரக்குப் படகு வந்தது. தண்ணீர் புட்டிகளும் உருளைக்கிழங்கு மூட்டைகளும் அடுக்கியிருந்தன. படகோட்டி ஒரு கையால் சுக்கான் கம்பைப் பிடித்தபடி மறு கையால் ரொட்டி தின்றுகொண்டிருந்தார். நாகப்பட்டினத்தான் தன் முதுகுப்பையின் வார்களை இழுத்துச் சரிசெய்துகொண்டான். ரயில் நிலையத்துக்கு இன்னும் பல பாலங்கள் இருந்தன.